ஏசி பெட்டியில் ஒட்டியிருக்கும் 32

வீட்டுச் சுவருக்கு வெளியே தொங்கும் ஏசி பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வோல்ட்டேஜ், வாட், எடை என்று வரிசையாகப் போகும் பட்டியலில் எங்காவது ‘ஆர்-32’ என்று ஒரு வரி. சர்வீசுக்கு வந்த மெக்கானிக்கிடம் அந்த 32 என்ன என்று கேட்டேன். “அது கேஸ் நம்பர் சார். பழசுல 22, இதுல 32” என்றார். சரியான பதில்தான். ஆனால் அந்த எண்ணுக்குள் மூலக்கூறின் முழு ஜாதகமும் இருக்கிறது.

32-உடன் 90-ஐக் கூட்டுங்கள்: 122. முதல் இலக்கம் கார்பன், இரண்டாவது ஹைட்ரஜன், மூன்றாவது ஃபுளோரின். ஆக ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளோரின். கார்பனுக்கு நான்கு கைகள், நான்கும் நிரம்பிவிட்டன. பெயர் டைஃபுளோரோமீத்தேன். பழைய 22-க்கு இதே கணக்கைப் போட்டால் 112: ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், இரண்டு ஃபுளோரின். மிச்சமிருக்கும் ஒரு கையில் குளோரின். கார் ஏசியில் பல காலம் ஓடிய ஆர்-134ஏ? 224: இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், நான்கு ஃபுளோரின். கடைசியில் வரும் ‘ஏ’, அந்த நான்கும் எந்தக் கார்பனில் எத்தனை என்பதைச் சொல்லும் குறி.

எண்ணைப் படிப்பது சுலபம். ஒரே ஒரு கார்பனை வைத்துக்கொண்டு ஐந்து விதமாக அடுக்கலாம் என்றிருக்கும்போது, ஏன் நடுவில் இருக்கும் ஒன்று நம் சுவரில் வந்து உட்கார்ந்தது? அதற்குப் பதில் சொல்லப்போனால் சிறிய ஃபுளோரோ கரிமச் சேர்மங்களின் மொத்தக் கதையும் கூடவே வந்துவிடும்.

படிக்கட்டும் குன்றும்

மீத்தேனில் நான்கு ஹைட்ரஜன்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குளோரினை வைத்துக்கொண்டே போவோம். கொதிநிலை இப்படி ஏறும்: மீத்தேன் மைனஸ் 161 டிகிரி செல்சியஸ், ஒரு குளோரின் வந்தால் மைனஸ் 24, இரண்டு வந்தால் 40, மூன்றில் 61 (இதுதான் குளோரோஃபார்ம்), நான்கில் 77. அணு கனமாகக் கனமாகக் கொதிநிலை ஏறும் என்று பள்ளியில் படித்தது அப்படியே நடக்கிறது. ஒழுங்கான படிக்கட்டு.

இப்போது அதே இடங்களில் ஃபுளோரின். மைனஸ் 161-இல் தொடங்கி மைனஸ் 78, மைனஸ் 52 என்று இரண்டு படி ஏறுகிறது. மூன்றாவது ஃபுளோரின் வந்ததும் மைனஸ் 82-க்கு இறங்கிவிடுகிறது. நான்காவது வந்தால் மைனஸ் 128. மூலக்கூறின் எடை 16-இலிருந்து 88-க்குப் போயிருக்கிறது, ஐந்தரை மடங்கு. கொதிநிலையோ கிளம்பிய இடத்திலிருந்து 33 டிகிரிதான் கூடியிருக்கிறது. இது படிக்கட்டு இல்லை, குன்று. அந்தக் குன்றின் உச்சியில் நிற்பதுதான் நம் ஆர்-32.

காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஃபுளோரின் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் அணு. பாலிங் அளவுகோலில் அதன் எலக்ட்ரான் கவர்தன்மை ஏறக்குறைய 4, எல்லாத் தனிமங்களிலும் அதிகம். கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.2. இந்த இறுக்கத்துக்கு இரண்டு விளைவுகள் உண்டு. அவை எதிரெதிர்த் திசையில் இழுப்பதால்தான் குன்று.

முதல் விளைவு நமக்குப் பழக்கமானது. கார்பனோடு பகிர்ந்துகொண்ட எலக்ட்ரான்களை ஃபுளோரின் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிணைப்பின் ஒரு முனை சற்றே நேர்மின், மறுமுனை சற்றே எதிர்மின். மூலக்கூறு ஒரு குட்டிக் காந்தம் போல ஆகி அடுத்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு ஃபுளோரின் உள்ள ஃபுளோரோமீத்தேனில் இந்த இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை அலகு. இரண்டு வந்தால் 1.97. மூன்றில் 1.65-க்குக் குறைகிறது. நான்கில் பூஜ்யம்: நான்கு பக்கமும் சமமாக இழுத்தால் தேர் நகராது.

இரண்டாவது விளைவைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. மின்முனையே இல்லாத மூலக்கூறுகளும் ஒன்றையொன்று கவர்கின்றன. எலக்ட்ரான் மேகம் ஒரு கணம் இந்தப் பக்கம் சாயும், பக்கத்து மூலக்கூறின் மேகம் அதற்கு ஏற்பச் சாயும். இந்தச் சாய்வு விளையாட்டுதான் லண்டன் விசை. இதற்கு எலக்ட்ரான்கள் தளர்வாக இருக்க வேண்டும். குளோரினின் மேகம் தளர்வானது, நன்றாக ஆடும். ஃபுளோரினுடையது ஆடாது. டெட்ராஃபுளோரோமீத்தேனில் 42 எலக்ட்ரான்கள், மீத்தேனில் வெறும் 10. இருந்தும் முன்னதன் மேகம் பின்னதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகச் சாய்கிறது. தன் வீட்டில் கட்டிப்போட்டதை ஃபுளோரின் அடுத்த வீட்டுக்கு எட்டிப்பார்க்கக்கூட விடுவதில்லை.

ஹைட்ரஜன் பிணைப்பு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஹைட்ரஜன் ஃபுளோரைடு 19.5 டிகிரியில் கொதிக்கிறது. அவ்வளவு சின்ன மூலக்கூறுக்கு அது மிக அதிகம், ஹைட்ரஜன் பிணைப்பு இழுத்துப் பிடிப்பதால் வந்தது. ஆனால் கார்பனோடு சேர்ந்த ஃபுளோரின் அந்த வேலையை ஏறக்குறைய செய்வதே இல்லை. கார்பனிடமிருந்து அபகரித்த எலக்ட்ரான்களைப் பக்கத்து ஹைட்ரஜனுக்கு நீட்டவும் அதற்கு மனமில்லை. வீடு நிறைய வைத்துக்கொண்டு, கதவை மட்டும் யாருக்கும் திறக்காத ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குன்றின் உச்சியில் இருப்பதால் ஏசிக்கு என்ன லாபம்? திரவம் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்திருக்கின்றனவோ அவ்வளவு வெப்பம் வேண்டும். எடையும் குறைவாக இருந்தால் ஒரு கிலோவுக்குள் நிறைய மூலக்கூறுகள் அடங்கும். டைஃபுளோரோமீத்தேனுக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. அதன் கொதிநிலையில் ஒரு கிலோ ஆவியாக ஏறக்குறைய 380 கிலோஜூல் வேண்டும். ஆர்-134ஏ-வுக்கு 217 போதும். அதனால்தான் ஆர்-32 பெட்டிகளில் குறைந்த எடை கேஸ் போட்டாலே வேலை நடக்கிறது.

எந்தக் கார்பனில் உட்கார்ந்தது என்பதும் முக்கியம்

ஃபுளோரின் எத்தனை என்பதோடு கதை முடியவில்லை. ஈத்தேனில் இரண்டு ஃபுளோரின்களை வைக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒரே கார்பனில் வைத்தால் மைனஸ் 25 டிகிரியில் கொதிக்கும் வாயு. ஆளுக்கொரு கார்பனில் வைத்தால் 31 டிகிரியில் கொதிக்கும் திரவம். அணுக்கள் அதே, எடை அதே, வித்தியாசம் 56 டிகிரி.

இரண்டாவது மூலக்கூறு ஒரு வேடிக்கையும் செய்கிறது. நடுவில் இருக்கும் ஒற்றைப் பிணைப்பு சுழலக்கூடியது. இரண்டு ஃபுளோரின்களும் எதிர்மின் ஏறியவை, ஒன்றையொன்று விலக்கும், ஆகவே எதிரெதிர்ப் பக்கம் போய் நிற்கும் என்றுதான் யாரும் நினைப்போம். நிஜத்தில் அவை 70 டிகிரி சொச்சம் கோணத்தில் அருகருகே நிற்கவே விரும்புகின்றன. ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் எலக்ட்ரான்கள் எதிரே இருக்கும் கார்பன்–ஃபுளோரின் பிணைப்பின் காலியான ஆற்றல்மட்டத்துக்குள் கொஞ்சம் கசியும் அமைப்பு அந்த நிலையில்தான் கிடைக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அருகருகே நின்றால் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன, மூலக்கூறு பலமான இருமுனையாகிறது. அந்த 31 டிகிரிக்கு இதிலும் ஒரு பங்கு உண்டு. மருந்து மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட வடிவத்தில் வளைத்து நிறுத்த வேதியியலாளர்கள் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

எல்லா ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டால்? ஹெக்சேன் எடை 86, கொதிநிலை 69 டிகிரி. அதன் 14 ஹைட்ரஜன்களையும் ஃபுளோரினாக மாற்றினால் பெர்ஃபுளோரோஹெக்சேன்: எடை 338, கொதிநிலை 57. நான்கு மடங்கு கனமானது முன்னதாகவே ஆவியாகிறது. ஒரு லிட்டர் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை நிற்கும். கையில் பாட்டிலைத் தூக்கினால் கனக்கும், குலுக்கினால் பெட்ரோலைப் போல லேசாக ஆடும். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 12 மில்லிநியூட்டன்தான், தண்ணீருக்கு 72. தண்ணீரோடும் கலக்காது, எண்ணெயோடும் சரியாகக் கலக்காது. ஹெக்சேனையும் பெர்ஃபுளோரோஹெக்சேனையும் ஒரே குழாயில் ஊற்றினால் ஏறக்குறைய 23 டிகிரிக்குக் கீழே இரண்டு அடுக்காக நிற்கும், அதற்கு மேலே கலந்துவிடும். ‘பெர்ஃபுளோரோஹெக்சேன் ஹெக்சேனோடு கலக்காது’ என்று ஐரோப்பியக் குளிரில் எழுதப்பட்ட வரியைச் சென்னையில் ஏசி போடாத ஆய்வகத்தில் காட்ட முடியாது.

சூடாக்கினால் கலந்து, ஆற்றினால் பிரியும் இந்தக் குணத்தைத்தான் 1994-இல் ஹோர்வாத், ராபாய் என்ற வேதியியலாளர்கள் வேலைக்கு அமர்த்தினார்கள். வினையூக்கிக்கு ஃபுளோரின் வால் ஒன்றை ஒட்டிவிட வேண்டும். சூட்டில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வினை நடக்கும். ஆறியதும் விலையுயர்ந்த வினையூக்கி தன் ஃபுளோரின் அடுக்குக்குள் போய்விடும், பிரித்து எடுத்து மறுபடி போடலாம்.

மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடிக்காத திரவத்தில் இடைவெளி உண்டாக்குவது எளிது. அதனால் வாயுக்கள் தாராளமாகக் கரைகின்றன. அறை வெப்பநிலையில் தூய ஆக்சிஜனைச் செலுத்தினால் 100 மில்லி தண்ணீர் 3 மில்லி அளவுதான் வாங்கும், இதே வகைத் திரவமான பெர்ஃபுளோரோடெக்கலின் 40 மில்லி வாங்கும். 1966-இல் லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் ஆக்சிஜன் ஏற்றிய ஃபுளோரோகார்பன் திரவத்துக்குள் எலிகளை மூழ்கடித்து, அவை திரவத்தையே மூச்சாக இழுத்து உயிரோடு இருந்ததைக் காட்டினார்கள். இதே அடிப்படையில் ஜப்பானில் உருவான ஃபுளோசால் என்ற ‘செயற்கை ரத்தம்’ 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உறைய வைத்துப் பாதுகாத்து, பிறகு உருக்கி, கலக்கிப் பயன்படுத்த வேண்டிய தொந்தரவால் 1994-இல் சந்தையிலிருந்து போய்விட்டது.

பென்சீனைப் பற்றி ஒரு சின்னச் செய்தியோடு இந்தப் பகுதியை விடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது என்பதால். பென்சீன் 5.5 டிகிரியில் உருகும். ஆறு ஹைட்ரஜனும் ஃபுளோரினான ஹெக்சாஃபுளோரோபென்சீன் கிட்டத்தட்ட அதே 5 டிகிரியில் உருகும். இரண்டையும் சமமாகக் கலந்தால் உருகுநிலை குறைய வேண்டும், கலப்படம் செய்தால் குறையும் என்பதுதான் விதி. இங்கே 24 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. இரண்டு திரவங்களைக் குளிர்ந்த அறையில் கலந்தால் கட்டியாகிப்போகும். பென்சீன் வளையத்தின் நடுவில் எலக்ட்ரான் அடர்த்தி, ஓரத்தில் நேர்மின். ஃபுளோரின்கள் வெளியே இழுத்ததால் மற்றதில் எல்லாம் தலைகீழ்: நடுவில் நேர்மின், ஓரத்தில் எதிர்மின். இட்லித் தட்டுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன.

வலுவான பிணைப்பு என்ற பாதி உண்மை

கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு கரிம வேதியியலின் மிக வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்று. ஃபுளோரோமீத்தேனில் அதை உடைக்க மோலுக்கு 460 கிலோஜூல் வேண்டும். இதைவிட முக்கியமானது, ஃபுளோரின்கள் ஒரே கார்பனில் கூடக் கூட ஒவ்வொரு பிணைப்பும் மேலும் இறுகுகிறது. பிணைப்பு நீளம் ஏறக்குறைய 139 பிக்கோமீட்டரிலிருந்து 132-க்குச் சுருங்குகிறது, ஆற்றல் 546-க்கு உயர்கிறது. குளோரினில் நேர்மாறு: கூட்டம் கூடினால் பிணைப்பு தளரும்.

‘ஆகவே ஃபுளோரோ சேர்மங்கள் மந்தமானவை’ என்று இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுவது வழக்கம். அதுதான் பாதி உண்மை. ஃபுளோரின் தான் இருக்கும் பிணைப்பை இறுக்குகிறது, அக்கம்பக்கத்துப் பிணைப்புகளையோ கலைத்துப்போடுகிறது. அசிட்டிக் அமிலத்தைப் பாருங்கள். வினிகரில் இருக்கும் சாதுவான அமிலம், பிகேஏ மதிப்பு 4.76 (இந்த எண் குறையக் குறைய அமிலம் வலுவானது). ஒரு ஃபுளோரின் சேர்த்தால் 2.6. மூன்று சேர்த்து டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாக்கினால் 0.5-க்கும் கீழே போகும் என்றே பல அளவீடுகள் சொல்கின்றன. அமில வலிமை பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஹைட்ரஜன் இருப்பது ஆக்சிஜனில், ஃபுளோரின் இருப்பது இரண்டு அணு தள்ளி. அங்கிருந்தே இழுக்கிறது. வலுவான அமிலம் என்றாலும் கொதிநிலை 72 டிகிரிதான், அசிட்டிக் அமிலத்துக்கு 118. ஆய்வகத்தில் வேலை முடிந்ததும் லேசாகச் சூடாக்கி விரட்டிவிடலாம், பெப்டைடு தயாரிப்பவர்கள் அதை விரும்புவதற்கு இதுவும் காரணம்.

ஆல்கஹால்களிலும் இதே கதை. ஐசோபுரோப்பனாலின் இரு பக்க மெத்தில்களையும் ஃபுளோரின்மயமாக்கினால் பிகேஏ 17-லிருந்து 9.3-க்கு வருகிறது. கொதிநிலை 82-லிருந்து 58-க்கு இறங்குகிறது. அது ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கும், வாங்காது. பெரும்பாலான கரைப்பான்கள் தொடாத நைலானையும் பாலியெஸ்டரையும் கரைத்துவிடும். அசிட்டோனை இப்படி மாற்றினால் 56 டிகிரியில் கொதிக்கும் நகப்பூச்சு நீக்கி, மைனஸ் 27-இல் கொதிக்கும் நச்சு வாயுவாகிவிடுகிறது. தண்ணீரைக் கண்டதும் வெறியோடு அதைப் பிடித்துக்கொள்ளும்.

பிணைப்பு வலுவாக இருந்தாலும் ஃபுளோரினே முதலில் கழன்று போகும் இடமும் உண்டு. சாதாரண அல்கைல் ஃபுளோரைடுகளில் அது நகராது என்பது சரி. ஆனால் நைட்ரோ தொகுதிகள் ஏறிய பென்சீன் வளையத்தில், குளோரினையும் புரோமினையும் முந்திக்கொண்டு ஃபுளோரின் வெளியேறுகிறது. அங்கே பிணைப்பு உடைவது கடினமான படி அல்ல, வெளியிலிருந்து வரும் எலக்ட்ரான் செறிந்த தொகுதி கார்பனில் வந்து ஒட்டுவதுதான் கடினமான படி. ஃபுளோரின் உறிஞ்சி வறண்டுபோன கார்பன் அதை வரவேற்கிறது. ஃபிரெடரிக் சாங்கர் 1945-இல் டைநைட்ரோஃபுளோரோபென்சீனை இன்சுலின் புரதத்தின் முனை அமினோ அமிலங்களில் ஒட்டவைத்து அடையாளம் கண்டது இந்தக் குணத்தை நம்பித்தான். புரதத்துக்கு வரிசை என்று ஒன்று உண்டு என நிறுவிய அந்த வேலைக்கு 1958-இல் நோபல் பரிசு.

பிறகு உருவ ஒற்றுமை. ஃபுளோரின் அணு ஹைட்ரஜனைவிடக் கொஞ்சம்தான் பெரியது: 147 பிக்கோமீட்டர், ஹைட்ரஜன் 120. நொதிகள் ஏமாந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ‘கிஃப்பிளார்’ என்று ஒரு செடி உண்டு, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘விஷ இலை’. மழைக்கு முன்பே துளிர்த்துவிடும், பசியோடு வரும் மாடுகள் தின்று விழுந்து சாகும். அதிலுள்ள நஞ்சு ஃபுளோரோஅசிட்டேட் என்று 1940-களில் மரைஸ் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் ருடால்ஃப் பீட்டர்ஸ் அது கொல்லும் வழியைத் துலக்கினார். செல் அதை அசிட்டேட் என்று எண்ணி உள்ளே சேர்த்து, ஃபுளோரோசிட்ரேட்டாகக் கட்டுகிறது. அது அக்கோனிட்டேஸ் என்ற நொதியின் கழுத்தில் சிக்கி, ஆற்றல் சுழற்சியையே நிறுத்திவிடுகிறது. நஞ்சை உடலே சமைத்துக்கொள்கிறது. மூன்று ஃபுளோரின் உள்ள அமிலம் இந்த வழியில் நுழைவதில்லை, அதன் உருவமும் குணமும் அசிட்டேட்டுக்கு வெகு தூரம். ஒரு ஃபுளோரின் கொடிய விஷம், மூன்று ஃபுளோரின் அப்படியில்லை. ‘ஃபுளோரின் உள்ளது’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஊதி அணைத்த மெழுகுவத்தி

1920-களில் குளிர்பெட்டிகளில் ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு. கசிந்தால் ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி குழு, பெல்ஜியத்தின் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் அதற்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியிலேயே வகுத்துவைத்த ஆண்டிமனி டிரைஃபுளோரைடு வழியைப் பிடித்து டைகுளோரோடைஃபுளோரோமீத்தேனைத் தயாரித்தது. மைனஸ் 30 டிகிரியில் கொதிக்கும், எரியாது, நஞ்சில்லை. 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவத்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஒரே மூச்சில் இரண்டு நிரூபணம். அதிலிருந்த ஃபுளோரின் பிரச்சினை செய்யவில்லை, கூட இருந்த குளோரின்தான் செய்தது: மேல்வளிமண்டலத்தில் புறஊதாக் கதிர் பட்டு அந்தத் தளர்ந்த பிணைப்பு உடைந்து, ஓசோனைத் தின்றது. 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள், 1987-இல் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் ஒப்பந்தம்.

குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தார்கள். அப்போது எரியும் குணம் திரும்பி வருகிறது, ஹைட்ரஜன் எத்தனையோ அவ்வளவு. டெட்ராஃபுளோரோமீத்தேன் எரியவே எரியாது. டிரைஃபுளோரோமீத்தேன் தீயணைப்பானாகவே பயன்பட்டது. நடுவிலிருக்கும் ஆர்-32 லேசாக எரியும்: அதன் தீ நொடிக்கு 6.7 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். புரொப்பேனின் தீ அதைப்போல ஆறு மடங்கு வேகம். இதை வைத்து ஆர்-32-ஐ ‘ஏ2எல்’ என்ற பாதுகாப்பு வகுப்பில், அதாவது நச்சு குறைந்து மெதுவாக எரிபவற்றின் வரிசையில், வைத்திருக்கிறார்கள். தீயைவிட நான் அஞ்சுவது தீக்குப் பின் வருவதை. எரிந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும், அது நுரையீரலையும் தோலையும் தின்னும். கேஸை முழுவதும் எடுக்காமல் குழாயில் வெல்டிங் வைக்கும் பழக்கத்துக்கு ஆர்-22 காலத்திலேயே இடம் கொடுத்திருக்கக் கூடாது. இப்போது கண்டிப்பாகக் கூடாது.

அடுத்து வானம். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு அதிர்ந்தால் அகச்சிவப்பில் ஏறக்குறைய 7.5 முதல் 10 மைக்ரான் அலைநீளத்தை வலுவாக உறிஞ்சும். பூமியின் வெப்பம் நீராவிக்கும் கார்பன் டைஆக்சைடுக்கும் அகப்படாமல் வெளியே தப்பிக்கும் ஜன்னல் 8 முதல் 13 மைக்ரான் வரை. ஜன்னலில் போய்த் திரை போட்ட மாதிரி. எவ்வளவு காலம் அந்தத் திரை தொங்கும் என்பதை ஹைட்ரஜன் தீர்மானிக்கிறது. காற்றிலிருக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு ஹைட்ரஜனைப் பிடித்திழுத்துத்தான் இவற்றைச் சிதைக்க முடியும். ஆர்-32-இன் ஆயுள் ஐந்து ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரே ஒரு ஹைட்ரஜன், அதுவும் மூன்று ஃபுளோரின் காவலில் இருக்கும் டிரைஃபுளோரோமீத்தேனுக்கு இருநூறு ஆண்டுக்கு மேல். ஹைட்ரஜனே இல்லாத டெட்ராஃபுளோரோமீத்தேனுக்கு 50,000 ஆண்டுகள். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடை 1 என்று வைத்தால், ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கை தரும் வெப்பமாக்கும் திறன் ஆர்-32-க்கு 675, டெட்ராஃபுளோரோமீத்தேனுக்கு 7,390, டிரைஃபுளோரோமீத்தேனுக்கு 14,800. இந்த மூன்றாவது, ஆர்-22 தயாரிக்கும்போது தானாக உண்டாகும் கழிவு. அதை வெளியே விடாமல் ஆலைகள் தங்கள் செலவிலேயே எரித்து அழிக்க வேண்டும் என்று 2016 அக்டோபரில் இந்திய அரசு உத்தரவிட்டது. அதே மாதம் ருவாண்டாவின் கிகாலியில் ஏற்கப்பட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தத் திருத்தத்தின்படி இந்தியா 2028-இல் இந்த வகை வாயுக்களின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் உறையவைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். ஆக, 675-உம் நிரந்தர விடை அல்ல. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஐசோபியூட்டேன் ஏற்கெனவே வந்துவிட்டது, அதில் ஃபுளோரினே இல்லை.

அறுவை அரங்கிலும் இதே கணக்குகள்தான். ஈதர் மயக்கும், ஆனால் தீப்பிடிக்கும். சார்ல்ஸ் சக்ளிங் 1951-இல் தயாரித்து 1956-இல் நோயாளிகளுக்கு வந்த ஹாலோத்தேன் எரியாது, 50 டிகிரியில் கொதிக்கும். மூன்று ஃபுளோரின் ஒரு பக்கம் அசையாமல் நிற்க, மறுபக்கம் குளோரினும் புரோமினும் ஹைட்ரஜனும். அந்தப் பக்கத்தைக் கல்லீரல் கடித்துவிடும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உடலிலேயே சிதைந்து, சிலருக்குக் கல்லீரல் அழற்சியும் வந்தது. அப்புறம் ஐசோஃபுளூரேன், டெஸ்ஃபுளூரேன். இவை இரண்டுக்கும் ஒரே ஒரு அணுதான் வித்தியாசம், குளோரின் இருந்த இடத்தில் ஃபுளோரின். கொதிநிலை 48-லிருந்து 23-க்கு இறங்குகிறது. சாதாரண ஆவியாக்கியில் ஊற்றினால் கொதித்துவிடும் என்பதால் சூடேற்றி அழுத்தத்தில் வைக்கும் தனிக் கருவி வேண்டியிருந்தது. ரத்தத்தில் குறைவாகக் கரைவதால் நோயாளி சீக்கிரம் விழிக்கிறார், மயக்கவோ ஐந்து மடங்கு செறிவு தேவைப்படுகிறது. உடலில் சிதைவது பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான். மிச்சமெல்லாம் மூச்சோடு வெளியே வந்து, மேலே சொன்ன ஜன்னலில் திரையாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 தொடக்கத்திலிருந்து, மருத்துவக் காரணத்தால் வேறு வழியில்லாதபோது தவிர, டெஸ்ஃபுளூரேனைத் தடை செய்திருக்கிறது.

காரில் ஆர்-134ஏ-வின் இடத்துக்கு வந்திருப்பது ஆர்-1234ஒய்எஃப். மூலக்கூறில் ஒரு இரட்டைப் பிணைப்பு வைத்து, ஹைட்ராக்சில் வந்து தாக்குவதற்கென்றே ஒரு வாசல் திறந்துவிட்டிருக்கிறார்கள். காற்றில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. நல்ல தந்திரம், எனக்கும் முதலில் படித்தபோது பிடித்திருந்தது. ஆனால் உடைவது இரட்டைப் பிணைப்பு, மூன்று ஃபுளோரின் உட்கார்ந்த கார்பன் அப்படியே மிஞ்சுகிறது. அது தண்ணீரோடு சேர்ந்து டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலமாகி மழையில் இறங்குகிறது. ஆர்-1234ஒய்எஃப் கிட்டத்தட்ட முழுவதும் இப்படி முடிகிறது, ஆர்-134ஏ-வில் ஒரு பகுதி.

ஆய்வகத்தில் லேசான சூட்டில் ஓடிப்போகும் என்று சொன்னேனே, அதே அமிலம்தான். மழைநீரில் அது ஓடுவதில்லை. அவ்வளவு வலுவான அமிலம் நிறைய தண்ணீரைக் கண்டதும் ஹைட்ரஜனை முழுதாக விட்டுவிட்டு எதிர்மின் அயனியாகிறது, அயனிக்குக் கொதிநிலை என்று ஒன்று கிடையாது. மண்ணிலும் பெரிதாக ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். நுண்ணுயிர்களுக்கும் அந்த மூன்று பிணைப்புகளை உடைக்க அநேகமாக வழியில்லை. அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் தண்ணீர்தான் குறையும்.